பாம்பு வரையத் தகாத கட்டம்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்போர் ஆடும் பரமபத சோபான படத்தை அறியாத தமிழர் அரியர். நற்குணம் ஏணியாய் உயர்த்தும். தீக்குணம் பாம்பாய் விழுங்கும். இவ்வகை ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்றது. அங்கு வைகுந்தம் மறைந்தது. நாளடைவில் அறமும் மறைந்து, வெறும் எண்களே எஞ்சின.

மேனாட்டாருக்குப் பலகையில் பாடம் புகட்டும் கலை புதிதன்று. பிரெஞ்சுப் புவியியலார் பியேர் டுவால் 1645இலேயே உலக நாடுகளைக் கட்டங்களாக அமைத்தார். 1794இல் இலண்டன் ஜான் வாலிஸ் இங்கிலாந்து, வேல்ஸ் படத்தின்மேல் ஊர்களுக்கு எண்ணிட்டு ஓர் ஆட்டம் வெளியிட்டார். ஊர்களைப் பற்றிய குறிப்புகளும் ஓரத்தில் அச்சாகியிருந்தன. தாயக்கட்டை சூதாடிகளின் கருவியென்று அஞ்சிய இல்லங்களில் எண் பொறித்த பம்பரத்தைச் சுழற்றினர். பின்னர்ப் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளைச் சுற்றிவரும் ஆட்டமும் வந்தது. அந்நாடுகளில் உழைத்தவன் அப்பலகையில் ஆடுபவனாகக் கருதப்படவில்லை.

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென ஒரு பலகை வேண்டாமா? இவ்வெண்ணத்தால் என் மாணவரிடம் அட்டையொன்றைக் கொடுத்தேன். மண்டபம், தலைமன்னார், கோப்பிக் காலத்தவர் நடந்து வந்த மாத்தளைப் பாதை, 1884இல் புகையிரதம் கண்ட அட்டன், 1,898 மீற்றர் உயரத்துப் பட்டிப்பொலை என வரைந்தனர். மகாவலியைத் திருகோணமலைக் கடல்வரை ஓடவிட்டனர். ஒரு மாணவி 1948 என்று எழுதி, அங்கே பெரும் பாம்பொன்றின் தலையை வைத்தாள். அதன் வால் மண்டபத்தில் முடிந்தது. 2003இல் ஓர் ஏணியையும் சாத்தினாள்.

நான் தடுத்தேன். பாம்பு கடிப்பது தாயத்தின் செயல். நம்மவரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டமோ பாராளுமன்றத்தில் மனிதர் கையுயர்த்தி நிறைவேற்றியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டதும், 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியதும் மனிதர் செயலே. இவற்றை ஊழின்மேல் ஏற்றிக் கற்பிப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் வஞ்சனை.

“அப்படியானால் அந்தக் கட்டத்தில் என்ன செய்வது, ஐயா?” என்றாள்.

அங்கே தாயம் உருட்டலாகாது, வந்தவனை மேலே விடலாமா என்று மற்றவர் வாக்களிக்க வேண்டும் என விதித்தேன். முதல் ஆட்டத்தில் முன்னணியில் வந்த சிறுவனை மற்ற மூவரும் ஒருமுகமாய் மறுத்துவிட்டனர். மணியடிக்கும்வரை அவன் தன் காயைக் கையில் வைத்தபடி அமர்ந்திருந்தான். மறுநாள் அவ்விதியை மாற்ற வேண்டுமென்று வந்து நின்றவள், மறுத்த மூவருள் ஒருத்தியாகிய அம்மாணவியே.