மூணு துண்டாக் கிடக்கிற துப்பாக்கி

துப்பாக்கின்னு சொன்னதும் உங்களில் பாதிப் பேருக்கு சினிமாதான் ஞாபகம் வரும். ஹீரோ மேஜையில் பிஸ்டலைப் பிரிச்சுப் போடுவார், வில்லன் ஆட்கள் மாடிப்படி ஏறி வர்றதுக்குள்ள சடசடன்னு மாட்டிருவார். எங்க ஊர்ப் பக்கம் துப்பாக்கின்னா அது வேற சாமான். நீளமான குழல், மரக்கட்டை, பரண் மேல பழைய வேட்டியில சுத்தி வச்சிருக்கிற ஒண்ணு. வருஷத்துல ரெண்டு தடவை கூட வெடிக்காது. ஆனா அதுக்கு லைசென்ஸ், புதுப்பிப்பு, விசாரணை, ஒப்படைப்பு, திரும்ப வாங்குறதுன்னு ஒரு டிராக்டருக்கு இருக்கிறதை விட அதிகமா காகிதம் இருக்கு.

இலஞ்சியில வயல்ல நின்னு மேக்க பார்த்தா குற்றால மலை. சிற்றாத்துத் தண்ணி, தென்னை, வாழை, நெல்லு. டூரிஸ்ட்டா வர்றவங்க குமாரர் கோயிலைக் கும்பிட்டுட்டு, சாரல்ல நனைஞ்சு, "கொடுத்து வச்சவங்கப்பா நீங்க"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து நின்னு பார்த்தா அப்படிச் சொல்ல மாட்டாங்க. நெல்லு பால் பிடிக்கிற நேரம் பன்னிக்குத் தெரிஞ்சுரும். ஒரு கூட்டம் இறங்கிச்சுன்னா தின்கிறது கொஞ்சம், புரண்டு மிதிச்சு நாசம் பண்றதுதான் ஜாஸ்தி. வாழைன்னா கிழங்கையே தோண்டிரும்.

இதுக்குத்தான் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். 1959 ஆயுதச் சட்டத்துல அதுக்குன்னே ஒரு வரி இருக்கு. பயிரைக் காப்பாத்த உண்மையாவே வேணும்னா வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் குடுக்கணும், அது போதாதுன்னு அதிகாரி நினைச்சா 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வேற துப்பாக்கிக்கும் குடுக்கலாம்னு. விவசாயியை மனசுல வச்சு எழுதின சட்டம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னால இருந்தது 1878-ல வெள்ளைக்காரன் போட்டது. நம்ம ஆளுக்கு லைசென்ஸ் கட்டாயம், அவனுக்கு விலக்கு. அந்தச் சட்டம் நடப்புல இருக்கும்போதுதான் 1911 ஜூன் 17-ஆம் தேதி பக்கத்துச் செங்கோட்டைக்காரர் வாஞ்சிநாதன் மணியாச்சி ஸ்டேஷன்ல கலெக்டர் ஆஷைச் சுட்டார். கையில இருந்தது பிரௌனிங் பிஸ்டல். அவருக்குச் சுடப் பழக்கினவர் புதுச்சேரியில இருந்த வ.வே.சு. ஐயர். எங்க வட்டாரத்துல துப்பாக்கின்னு பேச்செடுத்தா பெரியவங்க இந்தக் கதைக்குப் போயிருவாங்க, நானும் போயிட்டேன். விஷயத்துக்கு வர்றேன்.

துப்பாக்கியைச் சுத்தம் பண்றதுதான் விஷயம். சுத்தம் பண்ண கழற்றணும், கழற்றினா மாட்டணும். இந்த ரெண்டாவது வேலையிலதான் லைசென்ஸ் வச்சிருக்கிற விவசாயி தோத்துப் போறான்.

எங்க தெருவுல ஒரு பட்டாளத்து அண்ணாச்சி இருக்கார். மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட இருக்கிறது அவங்க அப்பா காலத்து ரெட்டைக்குழல், பன்னிரண்டு போர். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16-ஆம் தேதி அறிவிச்சதும் வழக்கம்போல ஸ்டேஷன்ல ஒப்படைச்சார். ஜூன் 4 ஓட்டு எண்ணிக்கை முடிஞ்சு, எழுதிக் குடுத்து, அலைஞ்சு, துப்பாக்கி வீட்டுக்கு வரும்போது சாரல் தொடங்கியாச்சு. குழலுக்குள்ள செம்பழுப்பா ஒரு பூச்சு. பூட்டுப் பகுதி இறுகிக் கிடந்தது. எண்ணெய் பூசித்தான் குடுத்திருந்தார். மூணு மாசம் எப்படி இருந்துச்சோ, எதுமேல சாஞ்சு கிடந்துச்சோ.

திண்ணையில தினத்தாள் விரிச்சு உட்கார்ந்தார். நானும் கூட இருந்தேன். முதல்ல துப்பாக்கியைத் திறந்து, உள்ள தோட்டா இல்லைன்னு அவர் ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்க்கச் சொன்னார். பட்டாளத்துப் பழக்கம். அப்புறம் முன்கட்டையைக் கழற்றி, நெம்புகோலைத் தள்ளி, குழலைத் தனியா எடுத்தார். மூணே மூணு துண்டு. கம்பியில துணி சுத்தி, எண்ணெய் விட்டு, குழல் ரெண்டும் ஆகாசம் தெரியிற அளவுக்குத் தேய்ச்சாச்சு. இடையில பூட்டு அசையுதான்னு பார்க்க விசையைத் தட்டினார். உள்ள டக்குன்னு ஒரு சத்தம்.

திரும்ப மாட்டும்போது குழல் உட்கார்ந்துச்சு, முன்கட்டை உட்காரலை. அரை விரக்கடை இடைவெளி. தள்ளினார், திருப்பினார், மறுபடி கழற்றினார். ஒரு மணி நேரம் போச்சு. "தம்பி, எஸ்எல்ஆர் ரைபிளை கண்ணைக் கட்டிக்கிட்டு மாட்டின கை இது, இந்த மூணு துண்டு என்னைய ஏமாத்துது பாரு"ன்னார். அவங்க பட்டாளத்துல இதுக்குப் பேரு கோல்னா-ஜோட்னா, பிரிக்கிறதும் சேர்க்கிறதும். எத்தனை தடவை செஞ்சிருப்பார்! ஆனா அங்க ஒரே மாதிரி ரைபிள், பக்கத்துல உஸ்தாத், கை மறக்கிறதுக்குள்ள அடுத்த பரேடு. இங்க ஒத்தைத் துப்பாக்கி, சொல்லிக் குடுத்த அப்பாவும் போய்ச் சேர்ந்துட்டார்.

சிக்கல் எங்கன்னா, இந்த மாதிரி ரெட்டைக்குழல்ல சுத்தியல் வெளியே தெரியாது, பெட்டிக்குள்ள இருக்கும். பர்மிங்காம்ல 1875-ல ஆன்சன், டீலின்னு ரெண்டு பேர் காப்புரிமை வாங்கின அமைப்பு. குழலை மடக்கித் திறக்கும்போதே உள்ள சுத்தியல் ஏறி நின்னுக்கும், அதை ஏத்துற ரெண்டு நாக்கு முன்கட்டையோட சேர்ந்து வேலை செய்யும். துப்பாக்கி துண்டாக் கிடக்கும்போது விசையைத் தட்டினா சுத்தியல் இறங்கிரும், நாக்கு இடம் மாறிரும், முன்கட்டைக்கு வழி கிடையாது. சுத்தியலை மறுபடி ஏத்தினாத்தான் உட்காரும். தெரிஞ்சவனுக்கு ஒரு நிமிஷ வேலை. தெரியாதவன் சுத்தியலால தட்டுவான், அரத்தால ராவுவான். அங்கதான் ஆபத்து.

பலத்தைப் போட்டு மாட்டின துப்பாக்கி பார்க்க நல்லாத்தான் இருக்கும். பூட்டு முழுசா விழுந்துச்சா, விசை லேசாகிப் போச்சான்னு வெளியே தெரியாது. "துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது குண்டு பாய்ந்தது"ன்னு பேப்பர்ல பார்க்கிறோமே, அதுல எல்லாமே கதை கட்டினது இல்லை. 2024 அக்டோபர் 1-ஆம் தேதி மும்பையில நடிகர் கோவிந்தா காலுல குண்டு பாய்ஞ்சது அவரோட சொந்த லைசென்ஸ் ரிவால்வர்ல இருந்துதான். வசதிக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத வீட்டுலயே அப்படின்னா ஊர்த் திண்ணை எம்மாத்திரம்.

"யூடியூப்ல பாருங்களேன்"னு என் அக்கா மகன் பெங்களூர்ல இருந்து சொன்னான். பார்த்தோமே. அமெரிக்காக்காரன் பிஸ்டலைப் பிரிச்சு மாட்டுறான், பின்னால ஒரு சுவர் நிறைய துப்பாக்கி. பிஸ்டல் கதையே வேற, அதுல சுருள் கம்பியும் குட்டி ஊசியும் துள்ளி ஓடிரும், கட்டிலுக்கு அடியில தேடணும். எங்க சாமானுக்குத் தமிழ்ல பொறுமையா சொல்லிக் குடுக்கிற ஒரு வீடியோ எங்க கண்ணுல படலை.

சரி, பழுது பார்க்கிறவர்கிட்ட குடுக்கலாமேன்னு கேப்பீங்க. முன்னால ஊர்க் கொல்லாசாரி பார்ப்பார். கலப்பைக் கொழுவும் அவர்தான், துப்பாக்கி ஸ்பிரிங்கும் அவர்தான். இன்னைக்கு அவர் தொட்டா குத்தம். துப்பாக்கி செய்ய, விற்க மட்டும் இல்லை, பழுது பார்க்கவும் தனி லைசென்ஸ் வேணும்னு அதே சட்டத்தோட அஞ்சாவது பிரிவு சொல்லுது. நியாயமான பிரிவுதான். பட்டறைக்குப் பட்டறை துப்பாக்கி தொட்டா ஊரு உருப்படாது. ஆனா லைசென்ஸ் உள்ள ஆள் எங்க இருக்கார்? அண்ணாச்சி விசாரிச்ச இடத்துல மதுரைக்குப் போகச் சொன்னாங்க. 150 கிலோமீட்டருக்கு மேல, பஸ்ஸுல, மடியில ரெட்டைக்குழலை வச்சுக்கிட்டு. போற வழியில செக்போஸ்ட்ல எத்தனை தடவை பொட்டலத்தைப் பிரிச்சுக் காட்டணும்னு நினைச்சுப் பாருங்க.

இப்ப ஒப்படைப்புக்கு வர்றேன், என் கோபம் அங்கதான் இருக்கு. 2021 பிப்ரவரி 26-ல சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு, மே 2 வரைக்கும் நடத்தை விதி. எங்க தென்காசி புது மாவட்டம், 2019 நவம்பர்லதான் திருநெல்வேலியில இருந்து பிரிச்சாங்க. அதனால ஊரக உள்ளாட்சித் தேர்தல் எங்களுக்குத் தள்ளிப் போய் 2021 அக்டோபர்ல வந்துச்சு. அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சி. இலஞ்சி பேரூராட்சி, அதனால அதுவும் எங்களுக்கு உண்டு. பன்னிரண்டு மாசத்துல மூணு தேர்தல். பிசான நெல்லு கதிர் முத்துற தை, மாசியில துப்பாக்கி ஸ்டேஷன்ல, பன்னி வயல்ல.

தேர்தல் நேரத்துல ஆயுதம் வெளியே இருக்கக் கூடாதுங்கிறதை நான் எதிர்க்கலை. தென் மாவட்டத்துல பிறந்தவன், அதோட அருமை எனக்குத் தெரியும். ஆனா எல்லாரும் ஒப்படைக்கணும்னு தேர்தல் ஆணையமே சொல்லலை. ஜாமீன்ல இருக்கிறவங்க, குற்றப் பின்னணி உள்ளவங்க, முன்னால தேர்தல் கலவரத்துல மாட்டினவங்க, இப்படி ஒவ்வொருத்தரையும் ஒரு குழு பரிசீலிச்சு முடிவு பண்ணணும்னுதான் வழிகாட்டுதல். நடைமுறையில எழுபது வயசுப் பட்டாளத்தாருக்கும் ரவுடிக்கும் ஒரே உத்தரவு. பரிசீலிக்கிறது வேலை, உத்தரவு போடுறது சுலபம்.

சரி, வாங்குங்க. வாங்கினதைப் பத்திரமா வைங்க. மாவட்ட ஆயுதப்படையில ஆர்மரர்னு இதுக்குன்னே பயிற்சி எடுத்த ஆட்கள் இருக்காங்க. போலீஸ் துப்பாக்கியை எல்லாம் அவங்கதான் பார்க்கிறாங்க. திருப்பிக் குடுக்கிற நாள்ல அவர் ஒரு மேஜை போட்டு உட்காரட்டும். ஒவ்வொரு துப்பாக்கியா பிரிச்சு, பார்த்து, எண்ணெய் போட்டு, உரிமையாளர் கையாலயே ஒரு தடவை மாட்ட வைக்கட்டும். மாட்டத் தெரியலையா, சொல்லிக் குடுங்க. துப்பாக்கியே பாழாப் போச்சா, தகுதியில்லைன்னு எழுதி வாங்கி வச்சுக்கிடுங்க, நாங்க மறுக்க மாட்டோம். இதுக்குக் கட்டணம் வாங்கினாலும் சம்மதம். 2019 திருத்தத்துல லைசென்ஸ் காலத்தை மூணு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷமா ஆக்கிட்டாங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை காகிதத்தைப் பார்க்கிறவங்க இரும்பையும் பார்க்கலாமே.

துப்பாக்கி சரியா இருந்தா மட்டும் என்ன செய்யப் போறன்னு ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பன்னியைச் சுட எங்களுக்கு உரிமை கிடையாது. காட்டுப்பன்னி வனவிலங்குச் சட்டப் பட்டியல்ல இருக்கு, லைசென்ஸ் துப்பாக்கியால நாங்க போடுறது சத்தம் மட்டும்தான். 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு முடிவு அறிவிச்சுது. காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது, 1-ல இருந்து 3 வரை பிடிச்சுக் காட்டுல விடணும், 3-க்கு மேல போனா வனத்துறை ஆட்கள் சுடலாம். பன்னிக்கு கிலோமீட்டர் கல்லு தெரியுமாங்கிறது இருக்கட்டும். ஆரியங்காவு வந்தாலே கேரளா. அங்க 2022-லயே ஊராட்சித் தலைவருக்கு அந்த அதிகாரத்தைக் குடுத்து, லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிற உள்ளூர்க்காரங்களையே அதுக்குப் பயன்படுத்துறாங்க. அப்படிச் செய்யணும்னா துப்பாக்கி வேலை செய்யணும், வச்சிருக்கிறவனுக்கு அதைக் கழற்றி மாட்டத் தெரியணும், அவன் பேரு ஒரு பட்டியல்ல இருக்கணும். எங்க பக்கம் இந்த மூணுமே இல்லை.

சட்டப்படி இருக்கிறவன் கையில இருக்கிறது உபயோகமில்லாமப் போனா பன்னி வராம இருக்குமா? வரும். ஆத்திரம் தாங்காம ஒருத்தன் வேலிக் கம்பியில கரண்டைத் தொடுத்து விடுவான். இன்னொருத்தன் அவுட்டுக்காய் வைப்பான். 2020 மே மாசம் பாலக்காட்டுப் பக்கம் வாய்க்குள்ள வெடிச்சு, ஆத்துல நின்னே செத்துப் போன கர்ப்பிணி யானையை நீங்க எல்லாரும் வாட்ஸ்அப்ல பகிர்ந்தீங்க, அழுதீங்க. கரண்ட் வேலியில முதல்ல சாகிறது பல நேரம் பன்னி கூட இல்லை, விடியக்காலம் தண்ணி பாய்ச்சப் போற ஆள்தான். இந்த ரெண்டுக்கும் லைசென்ஸ் இல்லை, புதுப்பிப்பு இல்லை, தேர்தலுக்கு ஒப்படைக்கவும் வேண்டாம்.

கலெக்டர் அலுவலக விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல ஆர்மரர் மேஜை விஷயத்தை மனுவா எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். தெருவுல ஏழு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. அதுல துப்பாக்கி வச்சிருக்கிறவங்க ரெண்டே பேர், மத்த அஞ்சு பேரும் அந்த ரெண்டு வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரங்க.