தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ்: கை கழுவச் சொல்றது மட்டும்தான் வேலையா?

சிகிச்சைக்குப் போன இடத்திலேயே புதுசா ஒரு தொற்று ஒட்டிக்கொண்டால்? இது அபூர்வமான விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 15 பேருக்கு இப்படித் தொற்று வருகிறது. பணக்கார நாடுகளில் 7 பேருக்கு. பாதிக்கப்படுபவர்களில் சராசரியாக 10-ல் ஒருவர் இறக்கிறார்.

இதைத் தடுப்பதற்கென்றே இருப்பவர்தான் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ்.

அவர் என்ன செய்வார்?

நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் டாக்டர் உட்பட எல்லோரும் கையைச் சுத்தம் செய்கிறார்களா என்று கவனிப்பார். ஊசி, கட்டுத்துணி எல்லாம் சரியான நிறப் பையிலும் டப்பாவிலும் போகிறதா என்று பார்ப்பார். ஆனால், முக்கியமான வேலை கணக்கு.

உதாரணமாக, ஐ.சி.யூ.வில் 10 பேருக்கு 30 நாள் சிறுநீர்க் குழாய் இருந்தால் அது 300 'குழாய் நாட்கள்'. அதில் 3 பேருக்குத் தொற்று வந்தால், 1,000 நாட்களுக்கு 10 என்று விகிதம். அடுத்த மாதம் 600 குழாய் நாட்களில் 4 தொற்று என்று வைப்போம். எண்ணிக்கை கூடியிருக்கு, விகிதமோ 6.7 ஆகக் குறைந்திருக்கு. கணக்கு இல்லாவிட்டால் நிலைமை மோசமானதாகத்தான் தோன்றும்.

தனி ஆள் தேவையா?

இங்கிலாந்தின் டோர்பே மருத்துவமனை 1959-லேயே இதற்காக ஒரு நர்ஸை நியமித்தது. 250 படுக்கைக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், தொடர் கண்காணிப்பு, பயிற்சி பெற்ற மருத்துவர் என முழு ஏற்பாடு இருந்த இடங்களில் தொற்று சுமார் 32% குறைந்ததாக 1985-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 250 படுக்கைக்கு ஒரு முழுநேர நிபுணர் என்பதையே உலக சுகாதார நிறுவனமும் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. இந்தியாவும் 2020-ல் தேசிய வழிகாட்டுதலை வெளியிட்டது.

கடலூர் மாவட்டத்துக்கு என்ன வாய்ப்பு?

சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாறின. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும் அதே துறையின் கீழ்தான். இதனால் வார்டில் எடுக்கும் கணக்கை எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வாக வளர்ப்பதும், ஒரு இடத்தில் பலன் தந்த முறையை இன்னொரு இடத்தில் சோதிப்பதும் சாத்தியம். பி.எஸ்சி. அல்லது டிப்ளமோ, சில வருட ஐ.சி.யூ. அனுபவம், தொற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சி, பிறகு எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று இந்தப் பாதை நீளும்.

ஆனால் இது வார்டு டியூட்டியோடு சேர்த்துக் கொடுக்கும் 'கூடுதல் பொறுப்பாக' இருந்தால், முதலில் நின்றுபோவது கணக்கெடுப்புதான்.

உங்கள் வீட்டில் யாராவது அட்மிட் ஆனால், தினமும் ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்தக் குழாய் இன்னும் தேவையா சிஸ்டர்?"