ஸ்கேன் படத்தில் வலி இல்லை

மூன்று மாதங்களுக்கு மேல் விடாது நீடிக்கும் இடுப்பு வலியும் கீழ்முதுகு வலியும் எலும்பிலோ ஜவ்விலோ நேர்ந்த ஒரு கேட்டின் நேரடி விளைவு என்றும், அக்கேட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பிழையின்றிக் காட்டிவிடும் என்றும், படத்தில் தெரிவது சீராகும் வரை வலி தீராது என்றும் ஒரு நம்பிக்கை தமிழ்நாட்டில் நகரம், சிற்றூர் என்ற வேறுபாடில்லாமல் வேரூன்றியிருக்கிறது. அறிக்கையில் "எல்-4, எல்-5 இடையே ஜவ்வு பிதுக்கம்" என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும். குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்று தடைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இடுப்பு பெல்ட்டும் வலி மாத்திரையும் அந்த மனிதரை ஆண்டுக்கணக்கில் விடாமல் பற்றிக்கொள்கின்றன. இந்த நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அதைவிடக் கொடுமை, வலி நாட்பட்டுப் போவதற்கான காரணங்களுள் ஒன்றாக இந்த நம்பிக்கையே இருக்கிறது என்பதாகும்.

இந்த நம்பிக்கை வெறும் மூடத்தனத்திலிருந்து பிறந்ததன்று. இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில், வெளியே உறுதியான நார் வளையமும் உள்ளே கூழ்த்தன்மையுள்ள மையமும் கொண்ட ஒரு தட்டு இருக்கிறது. மருத்துவர்கள் டிஸ்க் என்றும் மக்கள் ஜவ்வு என்றும் சொல்வது இதைத்தான். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் அறுவை மருத்துவர்கள் இருவர், இத்தட்டு கிழிந்து வெளித்தள்ளி நரம்பை அழுத்துவதால் வலி உண்டாகிறது என்பதையும், அழுத்தும் பகுதியை அகற்றினால் நோயாளி குணமடைகிறார் என்பதையும் 1934-இல் எடுத்துக்காட்டினர். இடுப்பிலிருந்து பிட்டம், தொடை வழியாகப் பாதம் வரை மின்னலாய் இறங்கும் சயாட்டிகா என்ற கால் வலியைப் பொறுத்தவரை அந்தக் கண்டுபிடிப்பு இன்றும் செல்லும். ஆனால் முதுகோடு நின்றுவிடும் சாதாரண வலிக்கும் அதே விளக்கத்தை நீட்டியதுதான் பிழையின் தொடக்கம். முதுகுவலியோடு மருத்துவரிடம் வருவோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு, வலிக்கு இன்னதுதான் மூலம் என்று எலும்பையோ ஜவ்வையோ நரம்பையோ உறுதியாகச் சுட்டிக்காட்ட முடிவதில்லை.

எம்.ஆர்.ஐ. கருவி பரவலானபோது, வலியே இல்லாதவர்களின் முதுகு எப்படி இருக்கும் என்ற எளிய கேள்வியைச் சில ஆய்வாளர்கள் எழுப்பினர். முதுகுவலி இல்லாத 98 பேரைப் படமெடுத்து 1994-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அதாவது 52 விழுக்காட்டினருக்கு, குறைந்தது ஓரிடத்திலாவது ஜவ்வு பிதுங்கியிருந்தது. எல்லா ஜவ்வுகளும் குறையின்றி இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே. வலியற்ற 3,110 பேரின் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினரின் ஜவ்வுகளில் தேய்மானம் காணப்படுகிறது; எண்பது வயதில் இது 96 விழுக்காடாகிறது. வயதோடு தலை நரைப்பதை எவரும் நோய் என்பதில்லை. முதுகுக்குள் நிகழும் நரையை மட்டும் நோயாக எண்ணி அஞ்சுவதற்கு நியாயம் ஏதுமில்லை.

மெய்யாகவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்திச் சயாட்டிகா வந்தவர்களிடமும் படம் முழுச் செய்தியைத் தருவதில்லை. நெதர்லாந்தில் அத்தகைய நோயாளிகளுக்கு ஓராண்டு கழித்து மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, நன்கு குணமானவர்களில் 35 விழுக்காட்டினரிடமும், குணமாகாதவர்களில் 33 விழுக்காட்டினரிடமும் பிதுக்கம் காணப்பட்டது. அதாவது, படத்தை மட்டும் வைத்து யாருக்கு வலி போயிற்று, யாருக்குப் போகவில்லை என்று சொல்ல இயலவில்லை. முற்றிலும் உடைந்து வெளியே தள்ளிய ஜவ்வுத் துண்டுகளைப் பெரும்பாலோரின் உடல் தானாகவே கரைத்துவிடுகிறது என்பதும் இன்று நிறுவப்பட்ட உண்மை. ஒருமுறை பிதுங்கிய ஜவ்வு ஆயுள் முழுதும் அப்படியே நிற்கும் என்று அஞ்சுவோருக்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லும் மருத்துவர்கள் இன்னும் மிகச் சிலராகவே இருக்கிறார்கள்.

படம் பயன்படாமல் போவதோடு நிற்பதில்லை, நோயாளிக்குக் கேடும் செய்கிறது என்பதற்கான தெளிவான சான்று கோயம்புத்தூரிலிருந்தே கிடைத்திருக்கிறது. கங்கா மருத்துவமனையின் முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் இராஜசேகரனும் அவருடைய குழுவினரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நாட்பட்ட முதுகுவலியுள்ள 44 பேர் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஸ்கேன் அறிக்கையில் கண்ட மாற்றங்கள் அப்படியே விளக்கப்பட்டன. மற்றப் பிரிவினரிடம், படம் இயல்பாகவே இருக்கிறது, தெரிபவை வயதுக்கேற்ற மாற்றங்களே என்று ஆறுதல் சொல்லப்பட்டது. ஆறு வாரங்களுக்குப் பிறகு பார்த்தபோது, அறிக்கையின் விவரம் கேட்டவர்கள் தம் முதுகு பெரிதும் பழுதுபட்டுவிட்டதாக அஞ்சியதோடு, வலியிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியும் இருந்தனர். இரு பிரிவினரும் அறுவையில்லாத சிகிச்சையே பெற்றவர்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட சொற்கள்தாம் வேறுபட்டன. அச்சமூட்டும் சொற்களை நீக்கி அறிக்கையை மாற்றி எழுதிக் கொடுத்தபோது, அதைப் படித்த மருத்துவர்களே நோயின் கடுமையையும் அறுவையின் தேவையையும் குறைவாக மதிப்பிட்டனர் என்பது அந்த ஆய்வின் மற்றொரு முடிவு. கற்றறிந்த மருத்துவரையே ஒரு வரி அச்சுறுத்துமானால், ஸ்கேன் மையத்தின் வாசலிலேயே உறையைப் பிரித்துப் படித்துப் பார்க்கும் நோயாளியின் நிலை என்னவாகும்?

அப்படியானால் வலி கற்பனையா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, வலி முற்றிலும் உண்மையானது, ஆனால் அதன் இருப்பிடம் ஜவ்வு மட்டுமன்று. உடலிலிருந்து வரும் வலிச் செய்திகளைத் தண்டுவடம் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்பதை மெல்சாக், வால் ஆகிய இருவரும் 1965-இல் வாயிற்கதவுக் கோட்பாடு என்ற பெயரில் முன்வைத்தனர். தொடர்ந்து தூண்டப்படும் தண்டுவட நரம்பணுக்கள் சிறு தூண்டலுக்கும் மிகையாக எதிர்வினை புரியத் தொடங்குகின்றன என்பதை உல்ஃப் என்பவர் 1983-இல் காட்டினார். புண் ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் எச்சரிக்கை மணியை நிறுத்தாதிருக்கும் இந்நிலையை உறக்கமின்மை, மனச்சோர்வு, வேலைக் கவலை, இனி நிமிரவே முடியாதோ என்ற அச்சம் ஆகியவை மேலும் வளர்க்கின்றன. முதுகுவலியை உடல், உள்ளம், சமூகச் சூழல் மூன்றும் கலந்த ஒன்றாகக் காண வேண்டும் என்று ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் கார்டன் வாடெல் 1987-இலேயே வாதிட்டார். அறுவைக் கத்தியைக் கையாண்டவரே இப்படிச் சொன்னதால் அக்கருத்துக்குத் தனி எடை உண்டு.

படுத்தே கிடக்க வேண்டும் என்ற அறிவுரையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை; அது எப்போதோ தோற்றுவிட்டது. இரண்டு நாள் படுக்கை ஓய்வுக்கும் ஏழு நாள் ஓய்வுக்கும் குணமடைவதில் வேறுபாடில்லை என்று 1986-இலும், வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துவந்தவர்களே விரைவில் தேறினர் என்று 1995-இல் ஹெல்சிங்கி நகரிலும் நிறுவப்பட்டது.

மருந்தைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த நம்பிக்கையின் விலை பெரும்பாலும் மருந்துக் கடையில்தான் செலுத்தப்படுகிறது. பழைய சீட்டை நீட்டியோ, தீர்ந்துபோன அட்டையைக் காட்டியோ வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இங்கே எளிதாக இருக்கிறது. ஆனால் பாராசிட்டமால் புதிதாக வந்த முதுகுவலியில்கூட மருந்தேதும் இல்லாத வெற்று மாத்திரையைவிடச் சிறந்ததன்று என்பது ஆஸ்திரேலியாவில் 1,652 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாயிற்று. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் முதலிய அழற்சித் தணிப்பு மருந்துகள் ஓரளவு வலியைக் குறைக்கின்றன என்பது உண்மை. ஆயினும் அவற்றை மிகக் குறைந்த அளவில், மிகக் குறுகிய காலத்துக்கு மட்டுமே தரலாம் என்று பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுவதற்குக் காரணம், அவை வயிற்றில் புண்ணும் குருதிக்கசிவும் உண்டாக்குவதும், சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைப்பதும், மாரடைப்புக்கான வாய்ப்பைக் கூட்டுவதும் ஆகும். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு பெருகிவிட்ட ஒரு மாநிலத்தில், ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தின்மீது நாள்தோறும் இம்மருந்தைச் சுமத்துவது எத்தகைய பேரிடர் என்பதை, இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்கும் நடுத்தர வயதினர் எவரிடமும் யாரும் நின்று சொல்வதில்லை.

நரம்பு வலிக்கென்று தாராளமாக எழுதித் தரப்படும் பிரிகாபலின், சயாட்டிகாவிலேயே வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை என்றும், தலைசுற்றலை மட்டும் மிகுதியாக்கிற்று என்றும் 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைவிட வலிமையானவை அபினைப் போலச் செயல்படும் ஓபியாய்டு மருந்துகள். அவை முதுகு, மூட்டு ஆகியவற்றின் நாட்பட்ட வலியில் ஓராண்டு முடிவில் சாதாரண மருந்துகளைவிட மேலாக இருக்கவில்லை என்பதை 240 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வொன்று 2018-இல் நிறுவியது. அந்த வகையைச் சேர்ந்த டிராமடால் அதே 2018-இல் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. வலிப் பாதையைத் தணிக்கும் டுலோக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தை 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி இரண்டாம் நிலையில் ஏற்றது. உலக சுகாதார நிறுவனமோ 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் அவ்வகை மருந்துகளை எல்லோருக்கும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. எந்தப் பெரிய வழிகாட்டுதலும் மருந்தை மட்டுமே சிகிச்சையாக முன்வைக்கவில்லை.

அதே உலக சுகாதார நிறுவன ஆவணம் இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோல்வழி மின்தூண்டல் ஆகியவற்றையும் வழக்கமான சிகிச்சைக்கு வேண்டாம் என்கிறது. மக்கள் "கரண்ட் வைத்துக்கொள்வது" என்று சொல்லி நாள்தோறும் ஆட்டோவுக்கும் கட்டணத்துக்கும் செலவழித்துப் பெறுவது பெரும்பாலும் இவற்றுள் மின்தூண்டலையே. இவற்றுக்கு மாறாக அந்நிறுவனம் பரிந்துரைப்பவற்றுள் அடங்குபவை, முறைப்படுத்தப்பட்ட உடற்பயிற்சியும், வலியைப் பற்றிய சரியான புரிதலைத் தரும் கல்வியும், அச்சத்தையும் தவிர்ப்பையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சையும் ஆகும். முதுகுவலி வந்து தேறியவர்கள் 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு மீண்டும் வலி வருவதற்கான இடைக்காலம் 112 நாளிலிருந்து 208 நாளாக நீண்டது. நடப்பதற்குக் கருவியும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம்.

ஸ்கேனே எடுக்காவிட்டால் கொடிய நோய்கள் கண்ணுக்குத் தப்பிவிடுமே என்ற எதிர்வாதம் கவனத்துக்குரியது. முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் இந்தியாவில் இன்றும் காணப்படும் நோய். புற்றுநோயின் பரவலும் எலும்பு முறிவும் அவ்வாறே. காரணமில்லாத எடைக் குறைவு, மாலைக் காய்ச்சல், இரவிலும் ஓயாத வலி, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, கால் மரத்துப் பலமிழத்தல், சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இழத்தல், மலவாய்ப் பகுதியில் உணர்வு போதல் ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் உடனே படமெடுக்க வேண்டும். கடைசி இரண்டில் ஒன்று வந்தாலும் அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரநிலை. இங்கே கண்டிக்கப்படுவது இத்தகைய தேவைக்காக எடுக்கப்படும் ஸ்கேன் அன்று. இந்த அறிகுறிகளுள் ஒன்றையும் கேட்டறியாமலேயே, இடுப்பைத் தொட்டும் பாராமல், முதல் நாளே எழுதித் தரப்படும் ஸ்கேன்தான்.

மக்களின் நம்பிக்கையை மாற்றவே இயலாது என்பதும் உண்மையன்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல், முதுகுவலி வந்தால் படுத்துவிடாதீர்கள், இயங்குங்கள் என்று தொலைக்காட்சி வழியாகத் தொடர்ந்து சொல்லப்பட்டபோது, பொதுமக்களின் கருத்தும் குடும்ப மருத்துவர்களின் கருத்தும் மாறின. முதுகுவலிக்காகக் கோரப்பட்ட தொழிலாளர் இழப்பீடுகளும் குறைந்தன. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு தேடிச் செல்கிறார்கள். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர்களை அந்த வீட்டார் பெயர் சொல்லி அறிவர். அவர்கள் கையில் முதுகுவலிக்கான ஒரு பக்கக் கையேட்டையும், எவர் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற பட்டியலையும் அரசு கொடுக்க வேண்டும். வலியற்றவர்களிலும் எத்தனை பேருக்கு இதே மாற்றம் உண்டு என்ற ஒரு வரியை ஒவ்வோர் எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கீழும் அச்சிடும்படி ஸ்கேன் மையங்களைப் பணிக்கவும் வேண்டும்.