வாயில்லா ஜீவனுக்கு ஒரு கணக்கேடு

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் கலைந்து வெளியே வருகையில், ஸ்ரீராமபுரத்து அன்பர் ஒருவர் நம்மை நிறுத்தி, "உங்கள் வீட்டு நாய்க்கு ஈரல் நோய் கண்டிருந்ததாமே! எங்கள் குட்டியும் சில நாளாகச் சோர்ந்து கிடக்கிறது. என்ன செய்யலாம்?" என்று வினவினார். வாயிலில் நின்று கூறிய மறுமொழி போதாதென்று தோன்றியபடியால், இத்திங்கள் இப்பகுதியை அதற்கே ஒதுக்கினோம். நாம் மருத்துவம் பயின்றவர்கள் அல்லோம். பத்தாம் வகுப்பு தேறி, இரயில்வேயில் பேரேடு எழுதிப் பிழைப்பவர்கள். பட்டுத் தெரிந்ததையும் மருத்துவரிடம் கேட்டறிந்ததையுமே இங்குக் கூறுகின்றோம்.

ஒக்கலிபுரத்தில் நம் இல்லத்தில் மணி என்றொரு பொமரேனியன் வளர்ந்து வந்தது. அதற்கு ஒன்பதாம் வயது நடக்கையில் உணவு குறைந்தது. மாடிப்படி ஏறத் தயங்கிற்று. "வயதாகிவிட்டது" என்று நாமே தீர்ப்பெழுதிவிட்டோம். அண்டை வீட்டு மூதாட்டியார் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார். அதையும் பத்து நாள் கொடுத்தோம். ஒரு நாள் காலை நம் மகள் அதன் கண்ணைத் திறந்து பார்த்து, "அப்பா, மணி கண்ணு மஞ்சளா இருக்கு" என்றாள். அதன் பின்னரே மருத்துவரிடம் ஓடினோம்.

அவர் கன்னடத்தில் பேசினார். காமாலை என்னும் சொல் இரு மொழிக்கும் பொதுவாகையால் நோய் இன்னதென்று உடனே விளங்கிற்று. ஆனால், "ஆறு மாதத்திற்கு முன் இதன் எடை என்ன? பழைய இரத்தப் பரிசோதனை உண்டா?" என்று அவர் கேட்டபோது வாயடைத்து நின்றோம். அலுவலகத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்கு நேராகும்வரை எழுந்திராத நாம், ஒன்பதாண்டுகள் நம் காலடியில் படுத்துறங்கிய ஜீவனுக்கு ஒரு வரியேனும் எழுதி வைத்தோமில்லை.

ஈரலின் இயல்பே இந்த ஏமாற்றத்திற்குக் காரணம். அது தன்னில் பெரும்பகுதி பழுதுற்ற பின்னும், எஞ்சிய பகுதியைக் கொண்டே வேலையை நடத்திச் செல்லும். ஆகவே வெளியே குறி தோன்றும்போது நோய் முதிர்ந்திருத்தல் கூடும். சிறு நாய்களுக்கோ இன்னுமோர் இடர் உண்டு. நான்கு கிலோ எடையுள்ள நாய் நானூறு கிராம் இளைத்தால், அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம். அடர்ந்த உரோமம் அதனை மறைத்துவிடும், தராசு மறைக்காது.

இரத்தப் பரிசோதனைத் தாளைக் கண்டு மயங்க வேண்டா. ஏ.எல்.டி. என்பது ஈரலின் உயிரணுக்கள் ஊறுபட்டால் இரத்தத்தில் கசியும் பொருள். ஏ.எல்.பி. பித்தநீர் தேங்கினால் உயரும். ஸ்டீராய்டு மருந்தாலும், வலிப்புக்குத் தரும் பினோபார்பிட்டோனாலுங்கூட உயரும். ஆதலின் நாய் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுதல் கடமை. ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அல்புமின், சர்க்கரை முதலியவற்றாலும், வெறும் வயிற்றிலும் உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் எடுக்கும் பித்த அமிலப் பரிசோதனையாலும் அறிவர். ஒரு முறை எண் சற்று உயர்ந்தால் அதுவே தீர்ப்பாகாது. சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்த்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒப்பிடுவர்.

யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற சிற்றினங்களில் சில குட்டிகட்குப் பிறவிக்குறை ஒன்று உண்டு. குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலுக்குள் சென்று தூய்மையுறாது, குறுக்கு நாளம் ஒன்றின் வழியே உடலுக்குள் சென்றுவிடும். ஜோலார்பேட்டையில் நின்று சோதிக்கப்பட வேண்டிய சரக்கு வண்டி, நிற்காமல் கடந்து போவதை ஒக்கும் இது. அத்தகைய குட்டி வளராது, உண்டபின் தள்ளாடும், சுவரில் தலையை முட்டி நிற்கும். இதனைக் குறும்பென்று எண்ணிவிடலாகாது. காலத்தில் கண்டால் அறுவை சிகிச்சையால் தீர்க்க வழியுண்டு.

தடுக்கக் கூடியவையும் பல. நம் காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுத்தல் கூடாது. சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லாச் சூயிங்கமும், பூஞ்சை பிடித்த நிலக்கடலையும், தோட்டத்து அழகுக்கு வைக்கும் சைக்கஸ் செடியின் விதையும் ஈரலுக்கு நஞ்சு. எலியின் சிறுநீர் கலந்த மழைநீரால் வரும் லெப்டோஸ்பைரா நோய் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்; மனிதர்க்கும் தொற்றும். அதற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி உண்டு. ஈரல் நோய் என்றதும் புலாலை அறவே நிறுத்தித் தயிர்ச்சோறு மட்டும் இடுவோர் உளர். மருத்துவர் சொல்லாமல் புரதத்தைக் குறைத்தால் நாய் மேலும் மெலியும்.

மணிக்குப் பித்தப்பையில் பித்தநீர் இறுகியிருந்ததை ஸ்கேனில் கண்டனர். மருந்தும், கொழுப்புக் குறைந்த உணவும், குறித்த தவணையில் பரிசோதனையுமாக இன்னும் ஒன்றரை ஆண்டு நம்மோடிருந்து மறைந்தது. முன்னமே கண்டிருந்தால் இன்னும் சில காலம் இருந்திருக்கலாம். அந்தப் பற்று நம் கணக்கில் தீராமலே நிற்கிறது.

இப்பொழுது வீட்டில் வேறொரு குட்டி உள்ளது. நம் மகள் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அதற்குக் கணக்கெழுதி வருகிறாள். மாதம் ஒரு முறை எடை, வாரம் ஒரு முறை ஈறு, கண்வெள்ளை, சிறுநீர் ஆகியவற்றின் நிறம், உணவிலும் தண்ணீர் குடிப்பதிலும் மாற்றம், தடுப்பூசி நாள். ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை. ஏழு வயதுக்கு மேல் ஆறு மாதத்திற்கொரு முறை. பொங்கலுக்கு ஊருக்குச் செல்லும்போது குட்டியை அண்டை வீட்டாரிடம் விட்டால், நோட்டையும் உடன் கொடுத்துச் செல்கின்றோம்.

ஸ்ரீராமபுரத்து அன்பருக்கு நம் மறுமொழி இதுவே: கீழாநெல்லிக்காகக் காத்திராமல் நாளையே குட்டியைத் தூக்கிச் செல்லுங்கள். ஹெப்பாளத்தில் 1958-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. அருகிலும் மருத்துவர் பலர் உளர். போகும் வழியில் மறவாமல் ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் குட்டியின் எடையை எழுதுங்கள்.