இரண்டு அங்குல உயரம்

முப்பத்துநான்கு வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். போன ஞாயிறு வீட்டு வாசலிலேயே ஒரு பாடம் வந்து நின்றது.

தம்பி மகன் தன் ஜிம்னிக்கு நான்கு சக்கரத்திலும் உயரமான ஸ்பிரிங் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இரண்டு அங்குலம் தூக்கியிருக்கிறார்கள். "எப்படி இருக்கு பெரியப்பா?" என்றான். எண்பத்திரண்டு வயது அம்மாவை ஏற்றிப் பார்த்தோம். கடைசியில் முக்காலி போட வேண்டியதாயிற்று.

எதற்குடா என்றால், செவிலிமேடு பக்கம் பாலாற்று மணலில் ஓட்டவாம். மணலில் வண்டி சிக்குவது பெரும்பாலும் டயர் புதைவதால்தான். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு கூடும், அழுத்தம் குறையும். எட்டாம் வகுப்புப் பாடம், காசும் செலவில்லை. (ரோட்டுக்கு ஏறியதும் மறக்காமல் காற்று அடித்துக்கொள்ள வேண்டும்.)

கல், பாறை என்றால்? ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு அச்சு. அதில் குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் கல்லில் இடிக்கும். ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது அச்சின் மேலே. அதை மாற்றினால் வண்டியின் உடம்பு உயரும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சு உயர வேண்டுமானால் பெரிய டயர்தான் வழி. மேடு தாண்டும்போது அடிவயிறு தட்டாமலிருக்க உயர ஸ்பிரிங் உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பெனியே 210 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தானே கொடுத்திருக்கிறான்!

என் கவலை வேறு. நம்மூர்த் தேர் அத்தனை உயரம் இருந்தும் சாயாமல் வருகிறதே, ஏன்? கனம் கீழே இருக்கிறது, அடி அகலம், போவது நடை வேகம். காருக்கும் இதே கணக்குதான். இடது வலது சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்க அரசு கார் கவிழும் அபாயத்தை மதிப்பிட இந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறது. பாதி தூரம் 70 செ.மீ., மையம் 70 செ.மீ. உயரத்தில் என்று வைத்தால் எண் 1. மையம் நான்கு செ.மீ. ஏறினால் 0.95. "அஞ்சு பர்சென்ட்தானே பெரியப்பா" என்கிறான். அடுத்த மாதம் ஏலகிரிக்குப் போகத் திட்டம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, உள்ளே அவன் பாட்டி, மேலே கேரியரில் மூட்டை. அங்கே அந்த அஞ்சு எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வண்டியைச் சுற்றிப் பார்க்கும்போது, "சும்மா ஸ்பிரிங்தான் சார்" என்று சொல்லிப் பார்க்கட்டும்.

கடைசியில் உண்மை வந்தது. "கெத்தா இருக்கு பெரியப்பா." அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

பழைய ஸ்பிரிங் நாலும் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. அவற்றைத் திரும்ப மாட்டினால்தான் அம்மா ஏலகிரிக்கு வருவாள் என்று சொல்லிவிட்டேன். ஒர்க் ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், கூலி எவ்வளவு ஆகும் என்று எழுதுங்கள். அதை நானே கொடுத்துவிடுகிறேன்.