ஏழைகளின் பெயர்ப் பட்டியலும் எமது கணனிப் பூட்டும்

கிராமத்துச் சங்கத்துக்குக் கணனி எதற்கு என்று இப்போது எவரும் கேட்பதில்லை. மாதர் சங்கத்தின் சேமிப்புக் கணக்கு, மீனவர் சங்க அங்கத்தவர் பட்டியல், வாழ்வாதார உதவி பெற்றோர் விபரம், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் தந்த வாக்குமூலங்கள் யாவும் இன்று கணனிக்குள்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கணனிக்குப் பூட்டு உண்டா, பூட்டு இன்னும் வேலை செய்கிறதா என்றும் எவரும் கேட்பதில்லை. இதைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015 யூலையில் வெளியிட்ட விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை 2025 ஒக்ரோபர் 14 ஆந் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. இயங்குதளம் என்பது கணனியின் உறுப்புகளையும் நாம் பாவிக்கும் மென்பொருள்களையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளாகும். எமது பாடசாலைப் பிள்ளைகள் இதனைப் பணிசெயல் முறைமை என்று படிக்கிறார்கள். இதில் மாதந்தோறும் புதிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். அவற்றை அடைக்கும் திருத்தங்களை நிறுவனம் இணையம் வழியாக அனுப்பும். ஆதரவு நின்றபின் கணனி வழமைபோல இயங்கும். புதிய ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் கிடக்கும். தோணிக்கு ஓட்டை அடைப்பவர் ஊரைவிட்டுப் போனதற்கு இது ஒப்பாகும். தோணி அன்றைக்கே தாழ்வதில்லை. அதனால்தான் ஆபத்து எமது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்குப் பதிலாக 2021 ஒக்ரோபர் 5 இல் வெளிவந்ததே விண்டோஸ் 11. பாதுகாப்பை முன்னிறுத்தி அந்நிறுவனம் சில நிபந்தனைகளை விதித்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அலகு கணனியில் இருக்க வேண்டும். பொதுவாக 2017 இன் பிற்பகுதிக்குப் பின் வந்த செயலி வகைகளே ஏற்கப்படும். டிபிஎம் என்பது கணனியின் இரகசியத் திறப்புகளைத் தனியாக வைத்திருக்கும் சிறு பெட்டகம் போன்றது. வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால், மடிக்கணனி திருடப்பட்டாலும் உள்ளே உள்ளவற்றைத் திருடன் வாசிப்பது மிகக் கடினம். ஆகவே நிபந்தனை வீணானது என்று சொல்வது நியாயமாகாது.

எனினும், நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான கணனிகள் இதனால் ஒதுக்கப்பட்டன. ஏறக்குறைய 24 கோடிக் கணனிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இல் கணித்தது. அமெரிக்காவில் பாவனையாளர் அமைப்புகள் ஆதரவை நீடிக்கும்படி கோரின. தனிப்பட்ட பாவனையாளருக்கு 2026 ஒக்ரோபர் 13 வரை ஓராண்டு நீடிப்புக் கிடைத்தது. நிறுவனங்களுக்கோ முதலாண்டுக்குக் கணனி ஒன்றுக்கு 61 டொலர். அடுத்த ஒவ்வோர் ஆண்டும் அது இரட்டிப்பாகும். எமது பணத்தில் முதலாண்டுக்கே பதினெட்டாயிரம் ரூபாய்வரை வரும். 2022 நெருக்கடியில் டொலர் ஒன்று 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியதைக் கண்ட நாட்டில், கிராமச் சங்கம் ஒன்றுக்கு இது சிறு தொகையல்ல. நல்ல பொருளைத் தூக்கியெறியும் பண்பாட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில் கண்டித்ததும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

எம்மத்தியில் இதுபற்றி மூன்று விதமான பேச்சுகளைக் கேட்கிறோம். “புதிய கணனி வாங்கினால் எல்லாம் சரி” என்பது ஒன்று. “எங்கள் கணனியில் களவெடுக்க என்ன இருக்கிறது?” என்பது இரண்டாவது. “லினக்ஸ் போட்டால் பயமில்லை” என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டாவது பேச்சே மிக ஆபத்தானது. அதையே முதலில் பார்ப்போம்.

களவெடுக்க என்ன இருக்கிறது? பெயர்கள் இருக்கின்றன. பெயர்ப் பட்டியல் ஒன்றின் பாரம் எவ்வளவு என்பதைக் கதிரவெளி மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் எழுந்தபோது வீட்டோடு பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் காணி உறுதிகளும் போயின. தான் யார் என்பதை நிரூபிக்கவே மக்கள் வரிசையில் நின்றார்கள். 2006 நவம்பர் 8 இல் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் நடந்த இடப்பெயர்விலே பதிவில் பெயர் இருந்தால்தான் நிவாரணம். அதே காலத்தில், வேறொரு பட்டியலில் பெயர் இருந்தாலே பயம். பெயர் சோறும் தந்தது. உயிருக்கு உலையும் வைத்தது.

இன்றைக்கும் அப்படித்தான். இல்மனைட் மணல் அகழ்வுக்கு எதிராகக் கையொப்பமிட்டவர் யார், நுண்கடனில் மாட்டிய பெண் யார், ஆண் துணையின்றித் தனியே பிள்ளைகளோடு வாழ்பவர் யார், கரையோர வேடர் குடும்பங்களில் காணி உறுதி இல்லாதோர் யார்? இந்த விபரங்களை எம்மிடம் நம்பித் தந்தவர்கள் எமது மேசைக்கு முன் அமர்ந்து தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அதே விபரங்கள் கடன் தரகரின் கையிலோ, காணிக்குக் கண் வைத்தவரின் கையிலோ, மிரட்டுபவரின் கையிலோ சேர்ந்தால் என்னவாகும்? நல்லாயன் தன் ஆடுகளைப் பெயரோடு அறிவதைப் பற்றிப் பீடத்திலிருந்து பிரசங்கிக்கிறோம். பெயரை அறிந்தவனுக்கு அதைக் காக்கும் கடமையும் உண்டு.

பழைய மென்பொருளை வைத்திருப்பதன் விலையை எமது நாடே ஒருமுறை கொடுத்தது. 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் கணனி மேகத்தை ஒரு கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பாவித்த ஏறக்குறைய ஐயாயிரம் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. பாவனையில் இருந்தது 2013 ஆம் ஆண்டுப் பதிப்பான, ஆதரவு முடிந்த ஒரு மின்னஞ்சல் மென்பொருள். புதுப்பிக்கும் திட்டம் 2021 இலிருந்தே இருந்தும் நிதியின்மை முதலிய காரணங்களால் தள்ளிப்போனது. இணையத்தோடு இணைந்திருந்த பிரதியும் தாக்குதலில் சிக்கியது. வெளியே தனியாகப் பிரித்துவைத்த பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை. கொழும்புக்கே இந்த நிலையென்றால் வாகரைக்கு எப்படி?

உலகளவிலும் இதே பாடந்தான். 2017 மே 12 இல் பரவிய ‘வொன்னாகிறை’ நச்சுநிரல் நூற்றைம்பது வரையான நாடுகளைத் தாக்கியது. பிரித்தானியாவில் வைத்தியசாலைகள் நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. திருத்தத்தைப் போடாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

அப்படியானால் புதியதை வாங்கினால் போதுமா? அதுவும் முழு உண்மையல்ல. 2024 மே மாதத்தில் மைக்ரோசொப்ட் ‘றீகோல்’ என்ற வசதியை அறிவித்தது. சில வகைப் புதிய கணனிகளில், திரையில் தெரிபவற்றைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படம்பிடித்துச் சேமித்து, பின்னர் தேடித்தருவது அதன் வேலை. விதவை ஒருவரின் வாக்குமூலம் திரையில் இருக்கும்போதும் அது படம்பிடிக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள். பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதன் குறைகளை எடுத்துக்காட்டியபின் நிறுவனம் வெளியீட்டைத் தள்ளிவைத்தது; பாவனையாளர் விரும்பினால் மட்டும் இயங்கும்படி மாற்றி 2025 ஏப்ரலில் வெளியிட்டது. கேள்வி கேட்டவர்களாலேயே இந்தத் திருத்தம் வந்தது. ஆகவே புதிய இயங்குதளத்தைக் குறைகூறுவோரை முன்னேற்றத்தின் எதிரிகள் என்று தள்ளிவிடலாகாது.

மூன்றாவது பேச்சு லினக்ஸ் பற்றியது. இது விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற இயங்குதளம். பல பழைய கணனிகளில் இலகுவாக இயங்கும். தமிழ் யூனிக்கோட் எழுத்தும் உண்டு. கேரள அரசு பாடசாலைக் கல்விக்காக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணனிகளில் இதனைப் பரப்பியிருக்கிறது. கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் லிப்ரே ஒபிஸ் தாராளமாகப் போதும். ஆனால் சில அச்சுப்பொறிகளும், விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட கணக்கியல் மென்பொருள்களும் இதில் ஒத்துழைக்காமற் போகலாம். லினக்சும் பாவமறியாத குழந்தையல்ல. அதனோடு பரவலாகச் செல்லும் ஒரு சிறு மென்பொருளுக்குள் களவாக வைக்கப்பட்ட பின்கதவு 2024 மார்ச்சில் பிடிபட்டது. அதைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசொப்ட்டில் பணிபுரிந்த ஒரு பொறியியலாளர் என்பது சுவையான செய்தி. எந்தத் தளமானாலும் திருத்தங்களைத் தவறாமற் போட வேண்டும்.

எனது கருத்து இதுதான். சங்கங்களும் பங்குகளும் தமது கணனிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். விண்டோஸ் 11 ஐ ஏற்கக்கூடிய விண்டோஸ் 10 கணனிக்குக் கட்டணமின்றி அதைப் போடலாம். ஏற்காததைக் குப்பையில் வீசாமல் லினக்சுக்கு மாற்றலாம். எமது கணனிப் பயிற்சி பெற்ற இளைஞர் யுவதிகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அவர்களுக்கும் தொழிலாகும். இரண்டும் முடியாத கணனியை இணையத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். முக்கிய பதிவுகளுக்கு இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று கணனியோடு இணைக்கப்படாமல், கடவுச்சொல்லிட்டு, வெள்ளம் ஏறாத வேறோர் ஊரில் இருக்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, தேவையற்றதைக் கேளாதிருப்போம். தையல் இயந்திரம் ஒன்று கொடுப்பதற்கு ஒரு பெண்ணின் முழு வாழ்க்கை வரலாறும் அடையாள அட்டை இலக்கமும் எதற்கு? நிதியுதவி செய்வோர் நீண்ட படிவங்களை அனுப்பும்போது, இது ஏன், இதை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று கேட்கும் துணிவு எமக்கு வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியதும் இதே சிந்தனையோடுதான். சேர்க்காத விபரத்தை எந்தக் கள்வனாலும் எடுக்க முடியாது.

கணனியின் ஆயுளை மைக்ரோசொப்ட் தீர்மானிக்கலாம். எம்மை நம்பிப் பெயர் தந்த மக்களுக்கு நாம் கொடுத்த வாக்குக்கு முடிவுத் திகதி கிடையாது.