‘அப்பா என்ன வேலை?’ என்ற கேள்வி

வளாகத் தேர்வுக்குப் போகும் கிராமத்து மாணவர்கள் பாடக் கேள்விகளுக்குத் தயாராகிப் போகிறார்கள். முதலில் வருவதோ வேறு: “எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? அப்பா என்ன வேலை?”

வட இந்தியாவில் பெரும்பாலும் பெயரே சாதியைச் சொல்லிவிடும். பொருளாதார அறிஞர் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். சமமான படிப்பு இருந்தும், தலித் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

தமிழ்நாட்டில் பெயரோடு சாதியை ஒட்டும் வழக்கம் பெருமளவு போய்விட்டது. இங்கே அந்த வேலையை முகவரி செய்கிறது. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் ஆதார் அட்டையில் பழைய முகவரி இருக்கும்வரை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதுவே போதும்.

சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் டெல்லிப் பகுதியில் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதி மட்டுமே பார்க்கிறோம் என்றவர்களே, குடும்பப் பின்னணியை விசாரிப்பது அவசியம் என்றும் சொன்னார்கள். படித்த, ‘நல்ல’ குடும்பம் என்பது அவர்கள் கணக்கில் தகுதியில் சேர்த்தி. கூலி வேலைக்குப் போகும் தகப்பனின் பிள்ளைக்கு அதில் என்ன மதிப்பெண் கிடைக்கும்?

பிறகு, “தகவல் சொல்கிறோம்” என்பார்கள். தகவல் வராது.

அரசுத் தேர்வில் நேர்காணல் மதிப்பெண் தெரியவரும். கல்லூரிச் சேர்க்கையில் வாய்மொழித் தேர்வுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981இலேயே அஜய் ஹாசியா வழக்கில் சொன்னது. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்காணலே இல்லை. தனியாரிடம் இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.

தீண்டாமையின் பேரால் வேலையை மறுப்பது குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். காரணத்தையே சொல்லாமல் நிராகரித்தால் எதை வைத்து வழக்குப் போடுவது? எழுத்தில் காரணம் தரச் சொல்லும் ஒரு விதி, இடஒதுக்கீட்டுக்கு முன்பே கேட்கக்கூடியது. நிறுவனத்துக்கு அதில் செலவும் இல்லை.

அதுவரை மாணவர்கள், கேட்கப்பட்ட கேள்விகளை அன்று மாலையே தேதியிட்டு எழுதி வையுங்கள். காரணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலரிடமும் ஒரு நகல் கொடுங்கள். அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தை அழைப்பவர் அவர்தான்.